இன்று தடுத்தது

அவரை நினைத்தால் எனக்கு முகம் ஞாபகம் வருவதில்லை. கைக்குட்டைதான் வருகிறது. நீலக் கட்டம் போட்ட பெரிய கைக்குட்டை. ஆபீஸ் போனை வேறு யாராவது பேசிவிட்டு வைத்தால், அடுத்து அவர் எடுப்பதற்கு முன்னால் ரிசீவரை அந்தக் கைக்குட்டையால் மேலும் கீழுமாக நாலு தடவை துடைப்பார். அதே கைக்குட்டையில்தான் மூக்கையும் சிந்துவார். வெற்றிலை போட்ட வாயையும் அதிலேயே ஒற்றிக்கொள்வார். அவர் துடைத்த பிறகுதான் போன் நாறும். அதற்கப்புறம் அதைக் காதில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேச வேண்டியவள் நான். ஒன்றரை வருஷம் பேசினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில், இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கிற சின்னக் கம்பெனி ஒன்று நடந்தது. மொத்தமே நாலு பேர். முதலாளி, வயர் இழுக்கிற ஒருவர், கம்ப்ளெயின்ட் போனை எடுக்க நான், அப்புறம் இவர். ஏசி ரூமுக்குள் இருந்த பெரிய மிஷினுக்கு இவர்தான் பொறுப்பு. எங்களிடம் கனெக்‌ஷன் வாங்கியவர்கள் மெயில் அனுப்பினாலும், ஏதாவது பக்கம் பார்த்தாலும், அந்த மிஷின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதன் வாசலில் நின்று யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று பார்க்கிற ஏற்பாட்டுக்கு ஃபயர்வால் என்று பெயர். அதற்குச் சட்டம் எழுதுவது இவர் வேலை. நாங்கள் அவரை சார் என்று கூப்பிடுவோம். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

எல்லாவற்றுக்கும் ஓர் அளவு வைத்திருந்தார். ஏசி ரூம் கதவில் அவர் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கும். 'ஒருவருக்கு மூன்று கேள்விகள் மட்டும்.' வந்தவர் யாராக இருந்தாலும், எத்தனை பஸ் மாறி வந்திருந்தாலும் மூன்றுதான். "சார், உள்ள வரலாமா?" என்று கேட்டாலே ஒன்று போய்விடும். வலது கையைத் தூக்கி ஒரு விரலை மடக்கிக் காட்டுவார். விளையாட்டுக்குச் செய்கிறார் என்று முதல் வாரம் நினைத்தேன். மூன்றாவது விரலையும் மடக்கிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டால், எதிரே நிற்கிறவர் அழுதாலும் அவருக்குக் காது கேட்காது.

குடிதண்ணீர் கேன் அவர் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் ஆளுக்கு ரெண்டு டம்ளர், மத்தியானம் ரெண்டு. மாடிப்படிக்குக் கீழே இருந்த பாத்ரூமின் சாவியும் அவரிடம்தான். ஓர் ஆணிடம் போய் நின்று ஒரு பெண் அந்தச் சாவியைக் கேட்க வேண்டும். கேட்டால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். "இப்பத்தானம்மா போய்ட்டு வந்தே?" என்பார், வயர் இழுக்கிறவர் இருக்கும்போதே. நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். சேத்தூரில் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். என் அளவு குறைந்ததைக் கவனித்து ஒரு நாள் என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்.

இதைக் கஞ்சத்தனம் என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "அளவு இல்லேன்னா ஒருத்தனே அம்புட்டையும் குடிச்சிருவாம்மா. மிச்சப் பேரு என்ன செய்வான்?" என்பார். கேட்கும்போது நியாயம்போலவே இருக்கும். அதுதான் கூடுதல் எரிச்சல். அந்த ஆபீஸில் யாரும் அம்புட்டையும் குடிக்கவில்லை. கேன் எப்போதும் பாதிக்கு மேல் நிறைந்தே இருக்கும். மூணு நாளைக்கு ஒருமுறை பழைய தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் புதுசு வாங்குவோம்.

மிஷின் விழுந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகுதான் அவர் பெரிய ஆள் ஆனார்.

செட்டியார்பட்டியில் உரக்கடை வைத்திருந்த ஒருவர் எங்களிடம் கனெக்‌ஷன் வாங்கியிருந்தார். ஒரு வாரமாக மெயில் போகவில்லை என்று நேரில் வந்தார். வந்த வேகத்தில் மூன்று கேள்விகளும் செலவாகிவிட்டன. மெயில் ஏன் போகவில்லை என்பதைக் கேட்கும்போது சார் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் செத்த நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை காலையில் மிஷின் விழுந்தது.

ஒருவர் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்கப் போனால் ஆளைக் காணோம். திரும்பி வந்து உட்கார்வதற்குள் மறுபடி தட்டு. ஒரு நிமிஷத்தில் ஆயிரக்கணக்கில் இப்படித் தட்டினால் மிஷின் கதவுக்கும் நாற்காலிக்கும் அலைந்தே சுருண்டுவிடும். நிஜமாக வேலையாக வந்தவர்கள் தெருவில் நிற்பார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான். ரெண்டு நாள் ஒரு மெயில் போகவில்லை. மில்காரர்கள் போனில் என்னைத் திட்டிய திட்டை என் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

சார் ரெண்டு நாளும் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ஒரு சட்டம் எழுதினார். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் மிஷினில் ஒரு நம்பர் உண்டு. ஒரே நம்பரில் இருந்து ஒரு நிமிஷத்துக்கு இருபது தட்டுதான். அதற்கு மேல் போனால் அந்த நம்பருக்குக் கால் மணி நேரம் கதவு திறக்காது. மூடிய கதவைத் தட்டினால் கால் மணி நேரம் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். மிஷின் எழுந்து நின்றது. அன்றைக்கு அவர் செய்தது நல்ல வேலை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி.

முதலாளி சந்தோஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு கிலோ பால்கோவா வாங்கிவந்து, எல்லாரும் சாப்பிடுங்கள் என்று அவர் கையில் கொடுத்தார். அவர் அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். தினமும் நாலு மணிக்குத் திறந்து, ஆளுக்கு ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குத் தன் நகத்தால் கிள்ளித் தருவார். அந்த நகத்தால்தான் அதற்கு முன்னால் காதைக் குடைந்துகொண்டிருப்பார். நான் வாங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவேன். எட்டாம் நாள் பால்கோவாவில் பச்சை பூத்துவிட்டது. பூத்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். "மேலதாம்மா, உள்ள நல்லாருக்கு," என்று வாயில் போட்டுக்கொண்டார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பொட்டலத்தோடு கையில் கொடுத்திருந்தால் நாலு பேரும் அரை மணி நேரத்தில் ருசித்துத் தீர்த்திருப்போம். டிராயரில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததை எறும்பு தின்றது.

சட்டம் எழுதிய மறுவாரம் முதலாளி கேட்டார். "என்னய்யா, இன்னும் அடிக்கானா?"

"வருதான் சார். தெனமும் வருதான். நாமதான் விடலை," என்றார் இவர்.

முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வரவேற்பு அறைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டச் சொன்னார். மேலே பெயின்ட்டில் 'இன்று தடுத்தது' என்று எழுதியிருக்கும். கீழே தினமும் மாலை ஐந்தரைக்கு சார் சாக்பீஸால் ஓர் எண் எழுதுவார். கனெக்‌ஷன் வாங்க வருகிறவர்களிடம் முதலாளி அந்தப் பலகையைக் காட்டிப் பேசுவார். எண் பெரியதாக இருந்தால், வீட்டில் பேசுகிற தெலுங்கில், "பாகுந்தி, பாகுந்தி," என்று, நன்றாக இருக்கிறது என்கிற அர்த்தத்தில், சாரின் தோளைத் தட்டுவார். சார் தலையைக் குனிந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பில் உதட்டோரம் வெற்றிலைச் சாறு ஒரு சொட்டு நிற்கும்.

அந்த மாதமே உரக்கடைக்காரர் மறுபடி வந்தார். முதலாளி ஊரில் இல்லை. நாங்கள் கொடுத்திருந்த மோடம் பெட்டியைச் சாரின் மேஜைமேல் வைத்தார்.

"நாந்தான்யா உம்ம மிஷினை விழ வச்சேன்," என்றார். "மூணு கேள்வின்னு வெரலை மடக்குனீரே, அதான் மூவாயிரம் தட்டு தட்டுனேன். ஒருத்தர் ஒரு புரோகிராம் குடுத்தாரு. ரெண்டு நாளு அடிச்சேன், மூணாம் நாளு கதவு சாத்திக்கிச்சு, ஆத்திரமும் தீந்துச்சு, நிறுத்திட்டேன். இந்தாரும் உம்ம கனெக்‌ஷன்."

அவர் படியிறங்கிப் போனதும் சார் கைக்குட்டையை எடுத்து அந்த மோடத்தைத் துடைத்தார்.

"ஏம்மா, இது மொதலாளி காதுக்குப் போக வேண்டாம்," என்றார்.

"அவிய நிறுத்திட்டாவன்னா, தெனமும் போர்டுல எழுதுறது யாரோட தட்டு சார்?"

அவர் வலது கையைத் தூக்கினார். "இது ஒன்னோட ஒண்ணாவது கேள்வி."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வேலை வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டதற்கு நான் சொல்லிக்கொள்ளக்கூடிய காரணம் அம்புட்டுத்தான்.

போர்டில் விழுந்த எண் யாருடையது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெய்த்தூன் அக்கா ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திவந்தார். முன்னால் அது ஜெராக்ஸ் கடை. அவர் வீட்டுக்காரர் இறந்த பிறகு, வளையல்களை விற்று எட்டு கம்ப்யூட்டர் போட்டார். அந்தச் சென்டர் ஓடினால்தான் அவர் வீட்டில் உலை. ரெண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இன்டர்நெட் எங்களிடம் இருந்துதான் வாங்கினார்.

தினமும் போன் செய்வார். "தங்கச்சி, நெட்டு நின்னு போச்சும்மா. பக்கமே வரமாட்டேங்குது. உக்காந்திருக்கவங்க எந்திரிச்சுப் போறாங்க." எப்போதும் கோபப்பட்டதில்லை. எனக்குச் சார் ஒரு தாளில் எழுதித் தந்திருந்த பதில் இருந்தது. போன் பக்கத்திலேயே ஒட்டியிருந்தேன். "வரலைன்னா இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்க." அதைத்தான் சொல்வேன். "சரிம்மா," என்று வைத்துவிடுவார்.

ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனவள், சாப்பிட்டுவிட்டு அவர் கடைக்குப் போனேன். என்னை முதன்முதலாக நேரில் பார்க்கிறார். நாற்காலியைத் தன் முந்தானையால் தட்டிப் போட்டு, கலர் சோடா வாங்கிவரச் செய்தார். எட்டு கம்ப்யூட்டரிலும் ஆள் இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைத் தாளில், கொட்டைக் கொட்டையாக, என் வாக்கியத்தை எழுதி ஒட்டியிருந்தார். 'வரலைன்னா இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்க.'

"நீ சொல்றதத்தாம்மா எழுதி வச்சிருக்கேன். எல்லாருக்கும் வாயால சொல்லி முடியல," என்றார்.

கலரைக் குடித்துக்கொண்டே பார்த்தேன். எட்டுப் பேரும் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கம் நின்றது. ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு மறுபடி அமுக்கினார். பக்கத்தில் இருந்தவரும் அமுக்கினார். எட்டு கம்ப்யூட்டரும் நெட்டுக்காகப் போட்டிருந்த ஒரே டெலிபோன் லைனில், ஒரே மோடத்தில்தான் வெளியே போகின்றன. எங்கள் மிஷினுக்கு எட்டுப் பேரும் ஒரே நம்பர். ஆளுக்கு மூன்று தடவை அமுக்கினாலே இருபது தாண்டிவிடும். கதவு மூடிக்கொள்ளும். மூடினால் வரவில்லையே என்று இன்னும் அமுக்குவார்கள். அமுக்க அமுக்கக் கால் மணி நேரம் முதலில் இருந்து தொடங்கும். ஒவ்வொரு அமுக்கலும் மாலையில் எங்கள் போர்டில் எண்ணாக ஏறும். கலரைப் பாதியில் கீழே வைத்தேன்.

"கடைய மாத்திக்கிருவோம்க்கா, ஒங்க நெட்டு ஏமாத்துற நெட்டு," என்று சொல்லிவிட்டு ஒருவர் எழுந்து போனார். அக்கா எனக்கு முன்னால் அவமானப்பட்டுப்போய், "மழக்காலம்ல, லைனு அப்படித்தான்," என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை சாரிடம் போய்ச் சொன்னேன். எட்டுப் பேரை ஒருவராக எண்ணுகிறோம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் சொன்னார், "தெரியும்."

"எப்ப இருந்து சார்?"

ஒரு விரல் மடங்கியது. "மொத வாரத்துல இருந்தே."

"அந்த நம்பருக்கு மட்டும் இருநூறுன்னு வச்சிரலாம்ல சார்?"

ரெண்டாவது விரல். "ஒருத்தருக்குத் தளத்துனா பொறவு ஊருக்கே தளத்தணும். மிஷின் விழுந்துச்சா? விழலைல்ல. பொறவு என்ன?"

பேசும்போது அவர் கண் என்மேல் இல்லை. கண்ணாடிக் கதவு வழியாக வரவேற்பு அறையில் இருந்த கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் மாலையில் எழுத அவருக்கு ஓர் எண் வேண்டும். உரக்கடைக்காரர் போய்விட்டார். ஜெய்த்தூன் அக்காவின் வாடிக்கையாளர்கள்தான் மிச்சம். இவ்வளவு அற்பமான ஒரு மனிதனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்றாவது கேள்வியை அவர்மேல் செலவு செய்யவே எனக்கு அருவருப்பாக இருந்தது. சாவியைக்கூடக் கேட்காமல் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து என்ன செய்தேன் என்றால், போன் அடித்தபோது எடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அக்கா கூப்பிட்டார். குரல் பதறியிருந்தது. அவர் கடைக்கு நாள் தவறாமல் வருகிறவர் ஒருவர், ஊருக்கு வெளியே பேண்டேஜ் துணி நெய்கிற தறி போட்டிருந்தவர். வெளிநாட்டுக்காரன் ஒருவன் பெரிய ஆர்டர் தருவதாக இருந்தான். கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்து அன்று ஐந்து மணிக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும். அனுப்பினால் வருஷம் முழுக்கத் தறி ஓடும், அவருடைய தபால் எல்லாம் அக்கா கடை வழியாகத்தான் போகும்.

"நாலு தடவ அனுப்பிட்டாருமா, போகல. என்ன செய்யட்டும்?"

அப்போது மணி நாலு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ராஜபாளையம். தாளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள் என்று அந்த நிமிஷம் நான் சொல்லியிருந்தால் நேரம் இருந்தது. பக்கத்தில் சார் நின்றுகொண்டிருந்தார், போனைத் துடைக்கக் கைக்குட்டையோடு. "இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்கக்கா," என்றேன்.

போனை வைத்துவிட்டு அவரிடம் கெஞ்சினேன். "பத்தே நிமிஷம் அந்த நம்பரைத் தளத்திவிடுங்க சார். ஒரே ஒரு மெயில்."

"இன்னைக்கு இந்த ஆளு, நாளைக்கு இன்னொரு ஆளு," என்றார். போய் உட்கார்ந்து பாக்கு வெட்டினார்.

நாலே முக்காலுக்கு அக்கா மறுபடி கூப்பிட்டார். அப்போதுதான் பஸ்ஸில் வரச் சொன்னேன். அந்த மனிதர் ஐந்தரைக்குப் படியேறி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் தாள். வயர் இழுக்கிறவர் எங்கள் ஆபீஸ் ஸ்கேனரில் வைத்து மெயிலில் அனுப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதே நேரத்தில் சார் வரவேற்பு அறைக்குப் போய், பழைய எண்ணை உள்ளங்கையால் அழித்துவிட்டு, அன்றைய எண்ணை எழுதினார். போர்டு மாட்டிய நாளில் இருந்து அதுதான் பெரிய எண். அது பூராவும் இந்த மனிதரும் அக்காவும் ஒரு மணி நேரமாக அமுக்கியது. அவர் போர்டை நிமிர்ந்து பார்த்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியாது.

ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டதாக மறுநாள் பதில் வந்தது.

தறிக்காரர் முதலாளியைத் தேடி வந்து சத்தம் போட்டார். முதலாளி சாரைக் கூப்பிட்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்பது கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. எட்டுப் பேர் ஒரு லைனில் வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொன்னால் போர்டில் இருந்த எண் எல்லாம் பொய்யாகிவிடும். யார் எப்போது தட்டினார்கள் என்று மிஷின் எழுதிவைக்கிற லாக்கை, ஒரு கட்டுத் தாளாகச் சார் கொண்டுபோய் வைத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"பாருங்க சார், எல்லாம் ஒரே நம்பர். தெனமும் நம்மளை அடிக்கது இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல அந்தம்மா கடை."

அன்று மாலையே அக்காவின் கனெக்‌ஷனை வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அக்கா பஸ் பிடித்து வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, போர்டுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். முதலாளி பார்க்க மறுத்துவிட்டார். சார் ஏசி ரூம் கதவைத் திறந்துவைத்து, அட்டையைக் காட்டினார்.

"நான் எதுக்கு சார் ஒங்க மிஷினை அடிக்கணும்? அது ஓடுனாத்தானே எங்க அடுப்பு எரியும்?"

அது ரெண்டு கேள்வி என்று ரெண்டு விரலை மடக்கினார். "எதுக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. லாக்கு சொல்லுது."

அக்காவுக்கு விரல் கணக்குப் புரிந்தது. யோசித்துக் கேட்டார். "எட்டுப் பேரு எட்டு வேலையா வந்து உக்காந்திருக்கான். அது ஒங்களுக்கு ஒரே ஆளாத்தான் தெரியுமா?"

"லாக்குல ஒரே நம்பர்தான்." மூன்றாவது விரலும் மடங்கியது. நாற்காலி திரும்பியது.

அக்கா என்னைப் பார்த்தார். பையைத் திறந்து எட்டுத் தாள்களை எடுத்தார். கம்ப்யூட்டர்களில் இருந்து பிய்த்துக் கொண்டுவந்திருந்தார், பசை டேப்போடு. "தங்கச்சி, திரும்பத் திரும்ப அமுக்கச் சொன்னது நீதானம்மா? இவருகிட்ட ஒரு வார்த்த சொல்லும்மா. நாங்க அடிக்கல, நீ சொன்னதத்தான் செஞ்சோம்னு சொல்லும்மா."

திரும்பாமலே சார் சொன்னார், "மூணு முடிஞ்சிருச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிட்டதே, அதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த மனிதனின் கேடுகெட்ட அளவுக்குள் நான் போய் ஒளிந்துகொண்டேன். அவருடைய நகம், கைக்குட்டை, பூசணம் பூத்த பால்கோவா எல்லாவற்றையும்விட எனக்கு இன்றைக்கும் குமட்டுவது அந்த நிம்மதிதான். அக்கா எட்டுத் தாள்களையும் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சார் கைக்குட்டையால் துடைத்தார். அந்தச் சென்டர் அந்த மாதமே மூடப்பட்டது. கம்ப்யூட்டர்களைச் சிவகாசியில் யாரோ வாங்கிப்போனதாகக் கேள்விப்பட்டேன். அக்கா என்ன ஆனார் என்று போய்ப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரை வெட்டிய மறுநாள் போர்டில் எண் ஒன்றும் இல்லை. சார் ஐந்தரைக்கு சாக்பீஸோடு வந்து செத்த நேரம் நின்றார். பிறகு ஒரு சைபர் போட்டார். அடுத்த நாளும் சைபர். நாலாம் நாள் முதலாளி போர்டைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, யாரும் வரலியா? அப்ப இந்த ஏற்பாடெல்லாம் நமக்குத் தேவைதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். சார் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் பூராவும் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, எனக்கு ஒரு நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னார்.

"இருபதைப் பத்தாக்கிட்டேம்மா. எச்சரிக்கையா இருக்கது நல்லதுதானே."

மறுநாள் காலையில் முதல் போன் அடித்தது. சார் பேசி வைத்துவிட்டுப் போன ரிசீவர், இன்னும் ஈரமாக இருந்தது. எடுத்தேன். சேத்தூரில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துகிறவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என் அப்பாவைத் தெரியும்.

"நம்ம ஊரு பிள்ளைதானே பேசுதது? பக்கம் நின்னு நின்னு போகுதும்மா. ஆறு பேரு உக்காந்திருக்காக. என்ன செய்ய?"

அக்காவின் எட்டுத் தாள்களும் என் டிராயரில் இருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் நாறியது.

"வரலைன்னா இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்கண்ணே," என்றேன்.